ஆவாரங்குச்சியும் ஷெஃபீல்டுத் தகடும்

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைச் சந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்பேனர்கள் நிரம்பிய சாக்குக்கும் தாடை உடைந்த வைஸுக்கும் அடியில் அது கிடந்தது. முழுக்கத் துரு. கடைக்காரர் அதை எடுத்துத் தராசில் வைக்கப் போனார். கிலோக் கணக்கில் வாங்கியதைக் கிலோக் கணக்கிலேயே தள்ளிவிட அவர் தயாராகத்தான் இருந்தார். நான்தான் அவசரப்பட்டு, “இது இழைப்புளிங்களா?” என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்ட நொடியில் இரும்பு விலை போய் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகிவிட்டது. பேரம் பேசி எண்ணூற்றைம்பதுக்கு முடித்தேன். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் பழைய சாமான் வாங்குவதில் முதல் பாடம். அதை நான் இன்னும் கற்றபாடில்லை.

பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்து, கட்டைவிரலால் துருவைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். பொள்ளாச்சி வருவதற்குள் அடியில் நீலப் பெயிண்ட் தெரிந்தது. உடுமலை தாண்டும்போது தகட்டை அழுத்திப் பிடிக்கும் மூடியில் எழுத்துகள் எழும்பின: ரெக்கார்டு. உடலில் 05 என்று எண். மேட் இன் இங்கிலாந்து. மடத்துக்குளத்தில் இறங்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் துருத்தூள். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நான் கணிப்பொறித் துறையில் இருக்கிறேன். 2020இல் ஊரடங்குக்கு ஊருக்கு வந்தவன், பாதி வேலையை இங்கிருந்தே பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு தங்கிவிட்டேன். பத்து வருஷம் திரையைப் பார்த்தவர்களுக்கு வரும் வியாதிகள் சில உண்டு. ஒருத்தன் இயற்கை விவசாயத்துக்குப் போவான், இன்னொருத்தன் மாரத்தான் ஓடுவான், மூன்றாமவன் மரவேலையில் விழுவான். நான் மூன்றாமவன்.

இத்தனைக்கும் இழைப்புளியை நான் முதலில் பிடித்தது பொறியியல் கல்லூரியில். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பென்டரி என்று ஒன்று உண்டு. படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு கட்டையைக் கொடுத்து ‘டீ ஜாயிண்ட்’ போடச் சொல்வார்கள். நாங்கள் இழைப்புளியைக் கட்டையின் மேல் தள்ளினால் அது பாதியில் நின்று துள்ளும். பின்னால் இருப்பவன் சிரிப்பான். தேர்வன்று எனக்கு வந்த கட்டையை யார் இழைத்துக் கொடுத்தது என்பதை இப்போதும் சொல்லமாட்டேன். அந்தத் தகடு அநேகமாக வாங்கிய நாளிலிருந்து தீட்டப்படாதது என்று எனக்குப் புரிய இன்னும் பதினைந்து வருஷம் ஆனது.

*

இழைப்புளி என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. இழைப்பு, உளி. அதாவது அது உளிதான். உளியைக் கையில் பிடித்துச் சீவினால் ஆழம் கையின் இஷ்டத்துக்குப் போகும். அதே உளியை ஒரு கட்டைக்குள் சாய்வாகச் செருகி, நுனி மட்டும் அடியில் எட்டிப் பார்க்கும்படி இறுக்கிவிட்டால், எவ்வளவு சீவ வேண்டும் என்பதைக் கட்டை தீர்மானிக்கும். மலையாளத்தில் இதற்குச் சிந்தேரு, தெலுங்கில் சித்ரிக. தெலுங்கு எழுத்தாளர்கள் பிரதியைத் திருத்தி மெருகேற்றுவதைச் ‘சித்ரிக பட்டுவது’ என்கிறார்கள். நாம் நகையில் கல் இழைக்கிறோம், சந்தனம் இழைக்கிறோம், துரோகமும் இழைக்கிறோம்.

கட்டைக்குள் செருகிய தகட்டை நிறுத்துவது ஓர் ஆப்பு. ரோமானியர் காலத்து இழைப்புளிகள் பாம்பேயில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அப்போதிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அடிப்படை இதுதான். தகடு கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் கட்டையின் பின்பக்கம் ஒரு தட்டு, உள்ளே போய்விட்டால் தகட்டின் தலையில் ஒரு தட்டு. எத்தனை தட்டு, எவ்வளவு பலமாக என்பது கைக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கூடவே இருந்து பழக வேண்டும்.

அமெரிக்காவில் லியோனார்ட் பெய்லி என்பவர் 1850களிலும் 60களிலும் எடுத்த காப்புரிமைகள் இந்தத் தட்டை ஒழித்தன. உடல் வார்ப்பிரும்பு. தகடு சாய்ந்து படுக்க 45 டிகிரியில் உள்ளே ஒரு சாய்மேடை. பின்னால் ஒரு பித்தளைத் திருகு. அதை வலப்பக்கம் திருப்பினால் தகடு இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் ஏறும். 1869இல் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டான்லி நிறுவனம் பெய்லியின் தொழிலை வாங்கியது. சில வருஷங்களில் பெய்லி அவர்களோடு முறைத்துக்கொண்டு வெளியேறி, அவர்களுக்கே போட்டியாக வேறு இழைப்புளி செய்தார். பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அளவுக்கு ஓர் எண் என்ற முறையும் அங்கே நிலைத்தது. 4 என்றால் சுமார் ஒன்பது அங்குலம், கடைசி மெருகுக்கு. 5 என்றால் பதினான்கு அங்குலம், எல்லா வேலைக்கும். 7 என்றால் இருபத்திரண்டு அங்குலம், பலகையின் ஓரத்தை நேராக்க.

1930களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனம் ரெக்கார்டு என்ற பெயரில் இதே வடிவத்தை வார்த்து விற்கத் தொடங்கியது. எண்ணைக்கூட மாற்றவில்லை, முன்னால் ஒரு சுழியம் மட்டும். 5 அங்கே 05 ஆனது. ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் ஃபோர்க் செய்துவிட்டுப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவதைப் போல.

*

பழைய இழைப்புளி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது எந்த வருஷத்து மாடல் நல்லது என்பதைத்தான். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஸ்டான்லியை ‘டைப்’ வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாய்மேடைக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தால் டைப் 11, அதாவது 1910களைச் சேர்ந்தது. மூடியிலுள்ள துளை சாவித்துளை வடிவிலிருந்து சிறுநீரக வடிவுக்கு மாறியிருந்தால் 1930களிலோ அதற்குப் பின்போ வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க உருப்படிகள் சிலவற்றில் பித்தளைக்குப் பதிலாகக் கடின ரப்பர் திருகு. எனக்கும் ஆரம்பத்தில் இந்தப் பைத்தியம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உக்கடத்துச் சாக்கில் இருந்து எடுக்கும்போது இதெல்லாம் உதவாது.

உதவுவது வேறு. முதலில் அடியைத் திருப்பி, தகடு எட்டிப் பார்க்கும் அந்த வாயின் இரண்டு மூலைகளையும் பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, விரியும். விரிசல் வாய் மூலையில்தான் தொடங்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். அப்படித் தட்டினால் எந்த வருஷமானாலும் கீழே வைத்துவிடலாம். அடுத்து தகட்டைக் கழற்றச் சொல்லி, நடுவிலுள்ள நீளத் துளைக்குக் கீழே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தீட்டித் தீட்டிக் கரைந்தது என்றால் அரை அங்குலம்கூட இருக்காது. தகட்டின் சப்பைப் பக்கத்தில், வெட்டும் நுனியை ஒட்டி, அம்மைத் தழும்பு மாதிரித் துருக்குழி இருந்தால் அது தீட்டத் தீட்ட வந்துகொண்டே இருக்கும். மேலோட்டமான துருவுக்குப் பயப்பட வேண்டாம், வினிகரில் ஓர் இரவு ஊறினால் போதும். திருகுகள் மட்டும் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். இவற்றின் மரை நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எதோடும் சேராது. ஒரு திருகுக்காக நான் நான்கு மாதம் அலைந்திருக்கிறேன்.

மரக் கைப்பிடி உடைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், விலை குறையும்.

*

என் 05ஐச் சீர்செய்யத் தொடங்கியபோது எங்கள் வீட்டு வாசல் பட்டறை ஆனது. சமையல்மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் பலகை ஒன்றின் மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியை அதன்மேல் தேய்ப்பது. அடியில் மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துத் தேய்த்தால் கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். தகடும் மூடியும் இறுக்கமாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். அந்த அழுத்தத்தில் உடல் ஒரு மயிரிழை வளையும், வேலை செய்யும்போது இருக்கும் வளைவு அதுதான். நுனி மட்டும் உள்ளே ஏறியிருக்க வேண்டும். இதையெல்லாம் யூடியூபில் படித்திருந்தேன். மூன்று சாயங்காலம் தேய்த்தேன். ஃபீலர் கேஜ் வாங்கினேன். ஒரு மூலையில் 0.05 மில்லிமீட்டர் பள்ளம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் வந்து நின்றார். எங்கள் ஊர்க்காரர், எண்பது வயதை ஒட்டியவர். எங்கள் வீட்டு முன்கதவு அவருடைய அப்பா செய்தது. சின்ன வயதில் நான் அவரை ‘ஆசாரி’ என்றுதான் கூப்பிட்டேன், வா போ என்றுதான் பேசினேன். அப்பாரு அதையும்விட ஒரு படி கீழே இறங்கி டா போட்டுக் கூப்பிடுவார். இப்போது ‘ஐயா’ என்கிறேன். முதல்முறை சொன்னபோது அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அவர் மட்டும் அன்றும் இன்றும் எனக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார். விடச் சொல்லிப் பார்த்தேன். “நாக்கு பழகிருச்சுங்க தம்பி.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எதைய இழைக்கப் போறீங்க?”

எனக்குப் பதில் இல்லை. எதையும் இழைக்கும் யோசனை அதுவரை வரவில்லை. அவர் இழைப்புளியை வாங்கி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, அடி நெடுகப் பார்த்தார். மூக்கு, வாய்க்கு முன்பக்கம், வால் மூன்றும் ஒரே மட்டத்தில் பட்டால் போதும், நடுவில் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் மரத்துக்குத் தெரியாது என்றார். ஃபீலர் கேஜை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, “இது இஞ்சினுக்கு வெக்கறதுங்களே” என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் அவர் இந்த வகை இழைப்புளியை அறிந்தவர் என்று தெரிந்தது. அவருடைய அப்பா ஊர்த் தச்சர். ஏர், வண்டி, கதவு, கவலை இறைக்கும் சாமான். கூலி காசாக வராது, அறுவடைக் களத்தில் தானியமாக வரும். அளப்பவர் கையைப் பொறுத்தது அது. எங்கள் அப்பாரு எப்படி அளந்தார் என்று நான் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அறுபதுகளில் அவர் கோயம்புத்தூருக்குப் போனார். பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்த பிறகு கோவையில் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளையும் கிணற்று மோட்டார்களையும் ஒட்டி வார்ப்படப் பட்டறைகள் பெருகின. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் போன்றவை அதற்கு முன்பே வழி போட்டிருந்தன. இரும்பை வார்க்க வேண்டுமானால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து மண்ணில் பதிக்க வேண்டும். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். கோவையின் பம்புகளுக்கும் நூற்பு இயந்திரங்களுக்கும் முதல் உருவம் இரும்பில் பிறக்கவில்லை, இழைப்புளியின் அடியில் மரமாகப் பிறந்தது. மோட்டார் ஊர் என்று கோவையைக் கொண்டாடும் எழுத்துகளில் பேட்டர்ன் ஆசாரிகளைப் பற்றி ஒரு பத்தி தேறுவது அபூர்வம்.

பேட்டர்ன் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு சுமார் எட்டில் ஒரு அங்குலம். அதனால் மரத்தை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது என்பதால் அவர்களுக்குத் தனி அடிக்கோல். அதில் பன்னிரண்டு அங்குலம் என்று போட்டிருக்கும் இடத்தை நிஜ அடிக்கோலில் வைத்தால் பன்னிரண்டேகால் அங்குலத்தில் பாதி வழியில் நிற்கும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஆசாரிகள் சொல்லும் பெயர் நூல். “அடிக்கு ஒரு நூல் பொய் சொல்லோணும் தம்பி. அப்பத்தான் இரும்பு நெசம் சொல்லும்.” இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பலமுறை சொல்லிப் பழகிய வாசகமாக இருக்க வேண்டும்.

அவருக்கு அங்கே கஷ்டமாக இருந்தது கணக்கு இல்லை. நிற்பது. ஊரில் அவரும் அப்பாவும் தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்தால் அணைத்துக்கொண்டு இழைத்தவர்கள். நீளமான இழைப்புளி என்றால் இரண்டு பேர் எதிரெதிரே, ஒருவர் தள்ள, ஒருவர் முன் கைப்பிடியைப் பிடித்து இழுக்க. பெய்லியின் இழைப்புளியோ இடுப்புயர மேஜைக்கும், நின்றுகொண்டு உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ளும் ஓர் ஆளுக்கும் உருவானது. “நிக்கப் பழக ஆறு மாசமாச்சுங்க. ராத்திரியில முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்கும்.” ஸ்டான்லியா ரெக்கார்டா, டைப் 11ஆ டைப் 15ஆ என்று நாங்கள் இணையத்தில் அடித்துக்கொள்கிறோம். இழைப்புளியைத் தேர்ந்தெடுக்கும்போது எப்படி உட்காருவோம் அல்லது நிற்போம் என்பதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நான் படித்த எதிலும் இல்லை.

*

மறுவாரம் அவர் ஒரு மஞ்சள் பையில் தன்னுடைய மர இழைப்புளியைக் கொண்டுவந்தார். அப்பா செய்தது. கருவேலங்கட்டை. பிடித்துப் பிடித்துப் பக்கங்கள் கண்ணாடியாகிவிட்டன. அடியில், வாய்க்கு முன்னால், ஒரு பள்ளம். அந்த இடத்தில்தான் மரம் மரத்தின்மேல் அழுந்தி உரசும், அங்கேதான் தேயும். வாயும் அகன்றுபோயிருந்தது.

தகடு மட்டும் ஊருக்குச் சொந்தமில்லை. அப்பா உடுமலைச் சந்தையில் கம்பு விற்ற காசில் வாங்கியதாம். கனமான தகடு, மேலே சன்னமாகவும் நுனியில் தடிமனாகவும் இருக்கும் பழைய வகை. எண்ணெய்க் கறையைத் துடைத்தபோது அழுத்திப் பதித்த ஆங்கில எழுத்துகள். நிறுவனத்தின் பெயர் தேய்ந்துபோயிருந்தது. ஷெஃபீல்டு என்பதும் காஸ்ட் ஸ்டீல் என்பதும் மட்டும் மிச்சம். நுனிச் சரிவைத் தீட்டியபோது குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் மங்கல், மறுபக்கம் பளபளப்பு. தகடு முழுக்க எஃகு இல்லை. விலை மலிந்த தேனிரும்பின் முதுகில் ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை உலையில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டைதான் காஸ்ட் ஸ்டீல். பெயரைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. மூசையில் உருக்கி எடுத்த எஃகு அது.

இந்த இடத்தில் என் தலைமுறைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி ஞாபகம் வரும். கொங்கு மண்ணின் எஃகை வெள்ளைக்காரன் திருடிப்போய் ஷெஃபீல்டை உருவாக்கினான் என்பது. எனக்கும் வந்தது. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொங்கில் எஃகு இருந்தது உண்மை. இங்கிருந்து வடக்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளின் தடயங்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அதுவே என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று எழுதியது உக்கு என்ற தென்னகச் சொல்லின் திரிபு. 1800இல் இந்தப் பக்கம் பயணம் செய்த ஃபிரான்சிஸ் புக்கானன் கருமணலிலிருந்து இரும்பு எடுப்பதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் வூட்ஸ் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே, கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் சில வருஷம் அதன் ரகசியத்தைத் தேடி உருக்கி உருக்கிப் பார்த்தார்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஷெஃபீல்டு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மூசையில் எஃகு உருக்கத் தொடங்கியது 1740களில். கடிகார வில்லுக்குச் சீரான எஃகு கிடைக்காத எரிச்சலில் இறங்கியவர் அவர். வூட்ஸ் மாதிரிகள் லண்டன் ஆய்வாளர்கள் கைக்குப் போவதற்கு அரை நூற்றாண்டு முன்பு. நம்முடைய மூசையும் அவருடைய மூசையும் தனித்தனி. திருட்டுக் கதை இங்கேயே நின்றுபோகிறது.

நின்றுபோன இடத்தில்தான் எனக்கு ஜோசையா மார்ஷல் ஹீத் கிடைத்தார். கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், சேலத்தில் இருந்தவர். சேலத்து இரும்பைப் பார்த்து வேலையை விட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டை வெட்டிச் சுட்ட கரி. ஆலை நஷ்டத்தில் ஓடியது. ஹீத் நம்மூர் எஃகுப் பக்குவத்தையும் எழுதிவைத்தார். தேனிரும்பைத் துண்டாக்கி, உமி கலந்த களிமண் மூசையில் போட்டு, அதோடு காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கு இலையை வைத்து மண்ணால் அடைத்து, இருபது இருபத்து நான்கு மூசைகளை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவது. குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்புக்குள் ஏறும், எஃகாகும். எங்கள் தோட்டத்து வேலியோரம் இன்றைக்கும் ஆவாரையும் எருக்கும்தான் நிற்கின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடிப்பதைத் தவிர யாரும் தொடுவதில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி 1839இல் ஒரு காப்புரிமை எடுத்தார். மூசையில் எஃகோடு மாங்கனீசுக் கார்பைடைக் கொஞ்சம் சேர்ப்பது. அவ்வளவுதான். அதுவரை நல்ல எஃகுக்கு விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெஃபீல்டு, இதன்பின் மலிவான இரும்பையும் பயன்படுத்த முடிந்தது. எஃகு விலை இறங்கியது. அதோடு, அந்த எஃகு தேனிரும்போடு உலையில் நன்றாக ஒட்டியது. ஆசாரி ஐயாவின் தகட்டில் தெரியும் அந்தக் கோட்டைப் பாருங்கள், அதுபோன்ற ஒட்டுக்குத்தான் சொல்கிறேன். ஹீத்தின் கதையும் நன்றாக முடியவில்லை. அவருடைய முகவராக இருந்த அன்வின், கார்பைடைத் தனியாகச் செய்யாமல் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போட்டாலே போதும் என்று கண்டுகொண்டு, காப்புரிமைப் பணம் தர மறுத்தார். வழக்கு பல வருஷம் இழுத்தது. தீர்ப்புக்கு முன்பே ஹீத் செத்துப்போனார், வறுமையில்.

மாங்கனீசு யோசனை சேலத்து உலையடியில் பிறந்ததா? அப்படிச் சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஆவாரங்குச்சியிலிருந்து மாங்கனீசுக்குப் போக நேர்வழி கிடையாது. எஃகை மூசைக்குள் நடக்கும் சமையலாகப் பார்க்கும் கண், என்ன சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்கும் பழக்கம், அவருக்கு இங்கே வாய்த்திருக்கலாம் என்பது என் ஊகம், அதற்குமேல் இல்லை. ஹீத்தின் பெயர் காப்புரிமையில் இருக்கிறது, அன்வினின் பெயர் வழக்கில் இருக்கிறது. சேலத்தில் ஹீத்துக்குப் பக்குவம் சொன்னவர்கள் வெறும் ‘உள்ளூர்வாசிகள்’. 1882 மதராஸ் வனச் சட்டத்துக்குப் பின் கரிக்குக் காட்டில் நுழைவது கடினமானது. கப்பலில் வந்த இரும்பு சந்தையில் மலிவாகக் கிடைத்தது. உலைகள் அணைந்தன. அப்புறம் ஒரு நாள் உடுமலைச் சந்தையில் ஓர் ஆசாரி கம்பு விற்ற காசில் ஷெஃபீல்டுத் தகடு வாங்குகிறார்.

*

ஐயாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேரன் அதே தொழிலில் மெர்ச்சண்டைசர். “பையன் கத்துக்கலையா?” என்று கேட்டபோது, காலம் மாறிவிட்டது, பிளைவுட் வந்துவிட்டது என்கிற மாதிரி பதிலை எதிர்பார்த்தேன்.

“நாந்தான் குடுக்கலீங்க. தொட்டா அடிச்சேன். இதைக் கையில எடுத்தா அப்புறம் காலம் பூராவும் அடுத்தவன் வாசல்ல நிக்கோணும்.”

நாங்கள் அப்போது என் வாசலில் இருந்தோம். அவர் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. உயரம் சரியில்லை, முட்டி மடங்காது என்றார்.

அந்த மர இழைப்புளியை எனக்குக் கொடுப்பதற்காகத்தான் கொண்டுவந்திருந்தார். எனக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் 05இன் அடியை மூன்று நாள் ஈவிரக்கமில்லாமல் தேய்த்தவன்தான், ஆனால் இதைத் தொடக் கை வரவில்லை. அடியிலிருக்கும் அந்தப் பள்ளம் இரண்டு ஆயுள் வேலை. அதைச் சமப்படுத்தினால் இழைப்புளி வேலை செய்யும், இரண்டு ஆயுளும் சுருளாகப் போகும். விட்டுவிட்டால் அலமாரிப் பொருள். எண்ணெய் பூசி இப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

“இழைக்காத இழைப்புளி என்னத்துக்குங்க?” என்றார். கொஞ்சம் கோபம் இருந்தது குரலில்.

அவரே ஆப்பை இறுக்கினார். தகட்டை உள்ளே ஏற்றினார், ஆனால் கழற்றவில்லை. நான் யூடியூபில் படித்த அதே காரணம். மர இழைப்புளியை வைஸில் தலைகீழாகக் கட்டச் சொன்னார். பிறகு என் 05ஐ எடுத்தார். தகட்டையும் அதன்மேல் உட்காரும் மேல்தகட்டையும் கழற்றி, இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துப் பிடித்தார். ஒரு மூலையில் வந்தது. மேல்தகட்டின் நுனியை ஆயில் ஸ்டோனில் நாலு இழுப்பு. இந்த மேல்தகடு வெட்டும் நுனிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு தூரத்துக்குள் வந்தால்தான் எதிர்நாரிலும் மரம் பிய்யாது என்பதை யமகட்டா பல்கலைக்கழகத்தின் கவாயும் கட்டோவும் நுண்ணோக்கிப் படமாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் இணையத்தில் பரவியபோது உலகம் முழுக்க மரவேலைக்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். நான் அதை அவருக்கு ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே தகட்டின் நுனியை நகத்தால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு மேல்தகட்டை நகர்த்தி இறுக்கினார். பிற்பாடு அளந்து பார்த்தேன். கால் மில்லிமீட்டருக்கும் குறைவு.

பின்னே பித்தளைத் திருகில் ஒரு சுற்று. தள்ளினார். எண்பது வயதுக்கு இடுப்பிலிருந்து வந்த தள்ளு அது, கையிலிருந்து இல்லை. நின்றுகொண்டு. முதல் சுருள் மூக்குப்பக்கத்திலும் வால்பக்கத்திலும் மட்டும் துண்டு துண்டாக வந்தது, நடுவில் பள்ளம். கறுத்த மேல்தோல் போய்ச் செந்நிறமாக உள்மரம் தெரிந்தது. கருவேல வாசனை. நான் சுருள்களைப் பொறுக்கினேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இருபது தள்ளுக்கு ஒருமுறை நிறுத்தி, இரும்பு அடிக்கோலை அடியில் நிறுத்தி, கீழே வெளிச்சம் பார்த்தார். “இன்னும் ஒரு நூல் போகோணும். போனா வாய் இன்னும் அகலமாயிரும். முன்னால ஒரு ஒட்டு வெச்சு வாயைக் குறைக்கோணும்.”

அதற்கு எந்த மரம் என்று கேட்டேன்.

“இதே மரந்தானுங்க. உங்க தோட்டத்துக் கெணத்தோரம் ஒரு கருவேலம் நின்னுச்சு, உங்க அப்பாரு காலத்துல. அதுல வெட்டுனதுதான் இது. அடிக்கட்டை இருக்குதான்னு பாத்துட்டு வாங்க. உள்ள வைரம் மட்டும் போதும், கையகலம்.”

கிணறு தூர்ந்து பல வருஷமாகிவிட்டது. அந்தப் பக்கம் இப்போது தென்னை. அடிக்கட்டை இருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மறுபடி தள்ளத் தொடங்கியிருந்தார். கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன்.